டிண்டேல் என்னும் குடும்பப் பெயர்: அதன் ஊரும் வரலாறும்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்தில், நார்த் நிப்லி என்னும் சிற்றூருக்கு மேலேயுள்ள குன்றின்மீது 111 அடி உயரமுள்ள கற்கோபுரம் ஒன்று நிற்கிறது. ஆங்கிலத் திருமறையின் மொழிபெயர்ப்பாளரும் இரத்தசாட்சியுமான வில்லியம் டிண்டேலின் நினைவாக அது 1866-இல் கட்டி முடிக்கப்பட்டது. அவர் அவ்வூரிலுள்ள ஹண்ட்ஸ் கோர்ட் என்னும் வீட்டில் பிறந்தவர் என்று அக்காலத்தவர் நம்பினர். அந்த வீட்டிற்குரிய குடும்பத்தில் வில்லியம் டிண்டேல் என்ற பெயருடையவர் ஒருவர் இருந்தது உண்மையே. ஆனால் அவர் 1542-இலும் உயிரோடிருந்தார். திருமறையை மொழிபெயர்த்த டிண்டேலோ 1536-இலேயே பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அருகிலுள்ள வில்வோர்டு என்னுமிடத்தில் கழுத்து நெரிக்கப்பட்டுத் தீக்கிரையாக்கப்பட்டவர். எனவே இருவரும் ஒருவரல்லர்.

பெயர் ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒன்றே என்று கொள்வது எவருக்கும் எளிதில் நேரக்கூடிய பிழை. பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கும் அது நேருகிறது. சீர்திருத்த வரலாற்றைக் கற்பிக்கும்போது, "டிண்டேல் உயர்குடியிற் பிறந்தவர்", "வேல்ஸ் நாட்டவர்", "பிற்காலத்து அறிஞர் இன்னார் அவர் வழிவந்தவர்" என்றெல்லாம் உறுதியாகச் சொல்லக் கேட்கிறோம். இக்கூற்றுகளில் எவை சான்றுடையவை, எவை வழிவழிச் செய்திகள் என்று பிரித்தறிவது நன்று. அதற்கு அப்பெயரின் வரலாற்றையே ஆராய்வது தக்க வழி. அது அளவில் சிறிய வரலாறு. எனினும் பெயரைப் பற்றியும் மரபுரிமையைப் பற்றியும் திருமறை போதிப்பதை விளங்கிக்கொள்ள அது உதவும்.

1. ஊரால் வந்த பெயர்

ஆங்கிலேயருடைய குடும்பப் பெயர்கள் பொதுவாக நான்கு வகையில் அடங்கும். தந்தை அல்லது முன்னோரின் பெயரால் வந்தவை ஒரு வகை; தொழிலால் வந்தவை ஒரு வகை; தோற்றம் அல்லது குணம் பற்றிய பட்டப்பெயர்கள் ஒரு வகை; ஊராலும் நிலத்தாலும் வந்தவை மற்றொரு வகை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே இத்தகைய பெயர்கள் தந்தையிடமிருந்து மக்களுக்கு இறங்கும் வழக்கம் படிப்படியாக வேரூன்றியது. முதலில் நிலவுடைமையாளரிடமும், 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பொதுமக்களிடமும் அது பரவிற்று.

டிண்டேல் என்பது ஊரால் வந்த பெயர். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்துப் பகுதியில் டைன் என்னும் ஆறு ஓடுகிறது. வட டைன், தென் டைன் என்னும் இரு கிளைகள் ஹெக்சம் நகருக்கு அருகே ஒன்றுகூடிக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து கடலில் கலக்கின்றன. ஆற்றின் பெயர் ஆங்கிலேயர் அந்நாட்டில் குடியேறுவதற்கு முன்னமே வழங்கிய மிகப் பழைய பெயர். 'டேல்' என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். ஆகவே 'டைன் ஆற்றுப் பள்ளத்தாக்கினர்' என்பதே பெயரின் பொருள். இன்று ஆற்றின் பெயரை 'டைன்' என நெடிதாக ஒலிக்கின்றனர். குடும்பப் பெயரிலோ அது 'டின்' எனக் குறுகி ஒலிக்கிறது. அருகிலுள்ள கம்பர்லாந்திலும் டிண்டேல் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. சில குடும்பங்களின் பெயர் அதிலிருந்து வந்திருத்தலும் கூடும்.

அப்பள்ளத்தாக்கு திருச்சபை வரலாற்றில் இடம் பெற்றது. ஏழாம் நூற்றாண்டில் வில்ஃப்ரிட் என்னும் பேராயர் ஹெக்சமில் ஆலயமும் துறவிமடமும் நிறுவினார். பின்னாட்களில் அது எல்லைநாடாயிற்று. 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1296 வரை, ஆங்கில மன்னருக்கு உட்பட்ட நிலமாக, ஸ்காட்லாந்து மன்னர்களே டைண்டேலை ஆண்டுவந்தனர். அதன் பின்னர் இரு நாட்டுப் போர்களாலும் கொள்ளைகளாலும் அப்பகுதி நெடுங்காலம் அலைக்கழிந்தது. மக்கள் அங்கிருந்து தெற்கே பெயர்ந்து சென்றதில் வியப்பில்லை.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஓர் ஊரில் வாழ்வோர் அனைவரும் அவ்வூரார் ஆதலால், அங்கே ஒருவரை அவ்வூர்ப் பெயரால் அடையாளம் காட்ட இயலாது. ஊரைவிட்டு வெளியேறி வேற்றூரில் குடியேறியவனையே அயலார் ஊர்ப்பெயரிட்டு அழைப்பர். நிலவுடைமையாளர் தம் நிலத்தின் பெயரைத் தாமே தரித்துக்கொண்டதும் உண்டு; 12-ஆம் நூற்றாண்டில் தென் டைன் கரையிலுள்ள லாங்லியை உடைமையாகக் கொண்டிருந்த ஆடம் டிண்டேல் என்பவர் இதற்குச் சான்று. ஆனால் எளிய மக்களிடையே ஊர்ப்பெயர் பெரும்பாலும் புலம்பெயர்ந்தவனின் பெயர்.

நற்செய்தி நூல்களை வாசிப்போருக்கு இது புதிதன்று. மகதலா ஊரில் வாழ்ந்தோர் எவரையும் அங்கே 'மகதலேனா' என்று அழைத்திருக்கமாட்டார்கள்; ஊரைவிட்டுப் புறப்பட்டு ஆண்டவரைப் பின்பற்றியதாலேயே மரியாள் அப்பெயரைப் பெற்றார். சிரேனே ஊரானாகிய சீமோன் எருசலேமுக்கு வந்தவர். அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பும், தர்சு பட்டணத்தானாகிய சவுலும் அவ்வாறே. நம் ஆண்டவரையும் 'நாசரேயன்' என்று அயலூராரே அழைத்தனர். சிலுவையின்மேல் வைத்த விலாசத்திலும் அவ்வூர்ப்பெயரே எழுதப்பட்டது (யோவான் 19:19).

2. இரண்டு பெயருடைய குடும்பம்

வடக்கிலிருந்து புறப்பட்ட இப்பெயர், தென்மேற்கே செவர்ன் ஆற்றை அடுத்த பார்க்லிச் சமவெளியில் 15-ஆம் நூற்றாண்டில் காணப்படுகிறது. டர்ஸ்லி, ஸ்டிஞ்ச்கம், சிலிம்பிரிட்ஜ், நார்த் நிப்லி ஆகிய ஊர்கள் அச்சமவெளியைச் சார்ந்தவை. வில்லியம் டிண்டேல் ஏறத்தாழ 1494-இல் இவ்வூர்களில் ஒன்றில் பிறந்தார். இரத்தசாட்சிகளின் வரலாற்றை எழுதிய ஜான் ஃபாக்ஸ், டிண்டேல் வேல்ஸ் எல்லைப்புறத்தில் பிறந்தவர் என்று பொதுப்படக் கூறினார். 'வேல்ஸ் நாட்டவர்' என்னும் கூற்று இதிலிருந்தே எழுந்தது. எல்லைப்புறம் என்பதை நாடு என்று மாற்றிக்கொண்டது பிற்காலத்தார் செய்த பிழை.

அக்குடும்பத்தார்க்கு மற்றொரு பெயரும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஏட்டில் டிண்டேல் 1512-இல் பட்டம் பெற்றபோது 'வில்லியம் ஹிச்சின்ஸ்' என்றே பதிவு செய்யப்பட்டார். 1528-இல் வெளியான தம் நூலொன்றின் முன்னுரையிலும், ஹிச்சின்ஸ் என மறுபெயருடைய வில்லியம் டிண்டேல் எனத் தம்மைக் குறித்துக்கொண்டார். ஹிச்சின்ஸ் அல்லது ஹட்சின்ஸ் என்பது ஹியூ என்னும் ஆட்பெயரின் செல்லப்பெயரிலிருந்து வந்தது. ஆக, ஒரே குடும்பம் ஊரால் வந்த பெயர் ஒன்றையும் முன்னோரால் வந்த பெயர் ஒன்றையும் ஒருங்கே தாங்கியிருந்தது.

இதற்குக் காரணம் என்ன? குடும்பத்தார் ஒருவர் தம் உறவினருக்கு 1663-இல் எழுதிய கடிதத்தில் ஒரு விளக்கம் காணப்படுகிறது. யார்க், லங்காஸ்டர் குலத்தார் அரசுரிமைக்காகப் போரிட்ட காலத்தில் முன்னோர் ஒருவர் உயிருக்கு அஞ்சி வடக்கிலிருந்து ஓடிவந்தார். தம்மை மறைத்துக்கொள்ள ஹட்சின்ஸ் என்னும் பெயர் பூண்டார். மரணப் படுக்கையிலேயே தம் உண்மைப் பெயரை மக்களுக்கு வெளியிட்டார் என்பது அச்செய்தி. கேட்போர் உள்ளத்தைக் கவரும் கதைதான். ஆனால் அப்போர் 1487-இல் முடிந்துவிட்டது. கடிதமோ அதற்கு 170 ஆண்டுகளுக்குமேல் பிந்தியது. அன்றியும் அக்காலத்து இங்கிலாந்தில் ஒரு குடும்பம் இரண்டு பெயர்களை வழங்குவது அரிதன்று. எனவே இதனைக் குடும்பத்தின் வழிவழிச் செய்தி என்று சொல்லலாமேயன்றி, நிலைநாட்டப்பட்ட வரலாறு என்று சொல்லலாகாது.

உறுதியான சான்று எங்கிருந்து கிடைத்தது என்பது நம் சிந்தனைக்குரியது. டிண்டேலை நேசித்தவர்கள் அதை நமக்கு வைத்துச் செல்லவில்லை. லண்டன் பேராயரும் சீர்திருத்தத்தாரைக் கடுமையாய் எதிர்த்தவருமான ஜான் ஸ்டோக்ஸ்லி, குளோஸ்டர்ஷயரிலுள்ள பண்ணை ஒன்றைத் தம் பணியாளர் ஒருவருக்குப் பெற்றுத்தர விரும்பி, 1533-இல் ஒரு கடிதம் எழுதினார். அப்பண்ணைக்காகப் போட்டியிட்டவர் எட்வர்டு டிண்டேலின் உறவினர். அந்த எட்வர்டு பெருமத மாறுபாட்டுக்காரனாகிய டிண்டேலின் உடன்பிறந்தார் என்று பழித்துரைக்கும் நோக்குடன் அதில் குறிப்பிட்டார். எட்வர்டு பார்க்லி நிலங்களின் வரிதண்டும் அலுவலர். ஸ்டோக்ஸ்லி முன்னர் சிலிம்பிரிட்ஜில் குருவாயிருந்தவராதலால் அவ்வட்டாரத்துக் குடும்பங்களை அறிந்திருந்தார். மொழிபெயர்ப்பாளரை இன்ன குடும்பத்தாரென அடையாளம் காட்டும் முதன்மையான சான்று இதுவே. பழிசொல்ல எழுதிய கை வரலாற்றுக்குச் சாட்சி பகர்ந்தது.

பெயரின் எழுத்துக்கூட்டும் நிலையாயிருக்கவில்லை. 1526-இல் வொர்ம்ஸ் நகரில் அச்சான புதிய ஏற்பாட்டில் மொழிபெயர்ப்பாளரின் பெயரே இல்லை. 1534-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பின் முகப்பில் 'ஐ' என்னும் எழுத்தைக்கொண்டு அச்சிடப்பட்டது. சிறையிலிருந்து அவர் இலத்தீனில் எழுதிய கடிதத்தில், குளிருக்குத் தொப்பியும், எபிரெயத் திருமறையும், எபிரெய இலக்கணமும், அகராதியும் வேண்டிக் கேட்டபின், 'டிண்டாலுஸ்' என்று ஒப்பமிட்டார். அதிலும் 'ஐ' என்னும் எழுத்தே உள்ளது. இன்று நூல்களிலும் நிறுவனங்களிலும் நாம் காணும் 'ஒய்' எழுத்துடைய வடிவம் பிற்காலத்தில் நிலைபெற்றது.

3. பெயரின் பரப்பு

ஒலியில் ஏறத்தாழ ஒன்றாயினும், எழுத்தில் இப்பெயருக்கு ஐந்தாறு வடிவங்கள் உண்டு. அவற்றுள் 'ஐ' எழுத்துடையவை வடக்கிலும் வடகிழக்கிலும் மிகுதி: டிண்டால் என்பது யார்க்‌ஷயரிலும் லிங்கன்‌ஷயரிலும், டிண்டேல் என்பது டர்ஹம், நார்தம்பர்லாந்துப் பகுதிகளிலும் காணப்படும். பிறந்த பள்ளத்தாக்கிலிருந்து சில நாள் நடையில் குடியேறியவரின் வழியினர் இவர்கள் எனலாம். 'ஒய்' எழுத்துடைய டிண்டேல் மிகவும் அரிய பெயர். மேற்கே குளோஸ்டர்ஷயரோடு அது தொடர்புடையது. இரண்டு 'எல்' பெற்ற டிண்டால் பிரிஸ்டலிலும் அயர்லாந்தின் தென்கிழக்கிலும் வழங்கியது.

கிழக்கு இங்கிலாந்திலும் ஒரு கிளை இருந்தது. எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த நீதித்துறை அலுவலர் சர் ஜான் டிண்டல் 1616-இல், தம் தீர்ப்பால் சினமுற்ற வழக்காளி ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் மகள் மார்கரெட் 1618-இல் ஜான் வின்த்ராப் என்னும் பியூரிட்டானியரை மணந்து, 1631-இல் அவரைப் பின்தொடர்ந்து அமெரிக்கா சென்றார். வின்த்ராப் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர். கணவரும் மனைவியும் ஒருவர்க்கொருவர் எழுதிய கடிதங்கள் பக்தி நிறைந்தவை எனப் போற்றப்படுகின்றன. ஆனால் மார்கரெட்டுடன் டிண்டல் என்னும் பெயர் செல்லவில்லை. மணமான பெண் கணவரின் பெயரைப் பெறுவது அந்நாட்டு வழக்கம். எண்ணிக்கையில் சிறிய குடும்பப் பெயர்கள் மறைவதற்கு இது ஒரு காரணம். இரத்தம் தொடர்ந்தாலும் பெயர் அறுபடுகிறது.

4. பெயர் சென்ற வழிகள்

இனி, இப்பெயரைத் தாங்கியோர் சிலரை நோக்குவோம். பிரிஸ்டல் நகரின் முதல் வங்கி 1750-இல் தொடங்கப்பட்டபோது அதன் பங்காளிகளுள் ஒருவர் ஒனேசிஃபோரஸ் டிண்டால். அவருடைய ஞானஸ்நானப் பெயர் நம் திருமறையில் 'ஒநேசிப்போரு' என்று வருவது. பவுலின் விலங்கைக்குறித்து வெட்கப்படாமல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த அன்பர் அவர் (2 தீமோத்தேயு 1:16). பிரிஸ்டல் டிண்டால் குடும்பத்தின் செல்வத்திலோ மேற்கிந்தியத் தீவுகளின் வாணிபத்திற்கும் அடிமை வாணிபத்திற்கும் பங்கு இருந்தது. விலங்கிடப்பட்டவனைத் தேடிச் சென்றவரின் பெயரும், திருமறைக்காக விலங்கு பூண்டவரின் பெயரும் சேர்ந்து விளங்கிய ஒரு குடும்பத்தில், பிறரை விலங்கிட்டு வந்த பொருளும் சேர்ந்தது.

டெவன் பகுதியில் ஓர் ஆயரின் மகனாய்ப் பிறந்த மாத்யூ டிண்டல் (1657-1733) ஆக்ஸ்ஃபோர்டில் அறிஞராய் விளங்கினார். 1730-இல் அவர் வெளியிட்ட நூல், கிறிஸ்தவம் படைப்பைப்போலவே பழமையானது என்றும், பகுத்தறிவால் அறியத்தக்கதற்கு மேலாகத் தனி வெளிப்பாடு தேவையில்லை என்றும் வாதித்தது. இயற்கைச் சமயத்தாரின் வேதப்புத்தகம் என்று அது பெயர் பெற்றது. வெளிப்பாட்டின் நூலை ஏர் உழும் சிறுவன் கையிலும் கொடுக்க உயிர்விட்டவர் ஒரு டிண்டேல். அந்நூல் இன்றியமையாததன்று என்று எழுதியவர் மற்றொரு டிண்டல். இதே குடும்பத்தின் கிளையில் பிறந்த சர் நிக்கலஸ் டிண்டல் (1776-1846) தலைமை நீதிபதியாயிருந்து, மனநிலை பிறழ்ந்தோரின் குற்றப்பொறுப்பைப் பற்றி 1843-இல் நீதிபதிகள் வகுத்த நெறிகளுக்குத் தலைமை தாங்கினார்.

மூன்றாமவர் அயர்லாந்தில் கார்லோ பகுதியில் 1820-இல் பிறந்த இயற்பியலறிஞர் ஜான் டிண்டால். அவருடைய முன்னோர் 17-ஆம் நூற்றாண்டில் குளோஸ்டர்ஷயரிலிருந்து குடியேறியவர். மொழிபெயர்ப்பாளரின் உறவினர் என்று குடும்பத்தார் பெருமை பாராட்டினர். தந்தை புராட்டஸ்டண்டு பற்று மிக்கவர். காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தை ஈர்க்கின்றன என்பதை 1859 முதல் நிகழ்த்திய சோதனைகளால் மெய்ப்பித்த ஜான் டிண்டால், 1874-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆற்றிய உரையில், உலகின் தோற்றத்தைப் பற்றிய துறை முழுவதையும் இறையியலிடமிருந்து அறிவியல் மீட்டுக்கொள்ளும் என்று முழங்கினார். மேடைகளிலும் பீடங்களிலும் பல்லாண்டு மறுப்புரைகள் எழுந்தன.

நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. திருச்சபை அருட்பணிச் சங்கத்தின் சார்பில் 1890-இல் காஷ்மீருக்கு வந்து, ஸ்ரீநகரில் பள்ளிப்பணி ஆற்றிய செசில் டிண்டேல்-பிஸ்கோ (1863-1949) பிறந்தபோது பிஸ்கோ என்னும் பெயருடையவரே. டிண்டேல் என்பதைக் குடும்பத்தார் பின்னர் சேர்த்துக்கொண்டனர். தீயணைத்தலும் வெள்ளத்தில் மக்களைக் காத்தலும் மாணவர்க்குரிய பாடம் என்று கற்பித்தவர் அவர். ஸ்ரீநகரிலுள்ள பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

5. நாம் பெறும் பாடம்

வங்கியாளர், பகுத்தறிவு வாதி, நீதிபதி, அறிவியலறிஞர், அருட்பணியாளர் என ஒரே பெயர் ஐந்து வழிகளில் சென்றிருக்கிறது. பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். விசுவாசம் அவ்வாறு இறங்குவதில்லை. ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று சொல்லத் தொடங்காதிருங்கள் என்று யோவான் ஸ்நானன் எச்சரித்ததின் பொருளும் இதுவே (லூக்கா 3:8). சிறந்த ஆயரின் மகன் என்றும், இன்ன மிஷனெரியால் திருமுழுக்குப் பெற்ற குடும்பம் என்றும் நாம் பெருமை கொள்வதுண்டு. நன்றியோடு நினைவுகூர்வது தகும். அதனையே தகுதியாகக் காட்டுவது தகாது.

வில்லியம் டிண்டேல் மணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இன்று டிண்டேல் என்னும் பெயருடையோர் எவரும் அவர் வழித்தோன்றல் அல்லர். அவருக்கு வாரிசாயிருப்பவை அவருடைய சொற்கள். 1611-ஆம் ஆண்டு ஆங்கிலத் திருமறை அவருடைய மொழிபெயர்ப்பிலிருந்து மிகுதியும் எடுத்துக்கொண்டது. அவருடைய குடும்பத்தைச் சேராத கோடிக்கணக்கானோர் அவருடைய சொற்களால் செபித்திருக்கின்றனர்.

மற்றொரு பாடம் ஆயர் பணியைச் சார்ந்தது. டிண்டேல் பிறந்த ஊரையும் நாளையும் நாம் அறியமுடியாமைக்கு எளிய காரணம் உண்டு. இங்கிலாந்தின் ஒவ்வொரு சபையிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதியவேண்டுமென்று தாமஸ் குரோம்வெல் கட்டளையிட்டது 1538-இல். டிண்டேல் மரித்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின். அதற்குப்பின் பிறந்த எளிய உழவனின் பெயருக்கும் சான்று இருக்கக்கூடும். அதற்குமுன் பிறந்த பேரறிஞருக்கு இல்லை. அந்த ஏடுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் எவரும் நினைவில் வைத்திராத ஊர்க் குருமார்.

நம் சபைகளில் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். ஒரே சபையில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடையோர் பலர் இருப்பர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தந்தை தாயர் பெயரும், ஊரும், நாளும் முழுமையாய் எழுதப்பட்ட பதிவேடு ஒன்றே. திருமுழுக்கு நிறைவேறிய அன்று ஏட்டில் எழுதாமல் தள்ளிவைப்பதும், கேட்ட ஒலியைக் கொண்டு பெயரை எழுதிவிடுவதும், கரையான் அரிக்க ஏட்டை விட்டுவிடுவதும் சிறிய குறைகளல்ல. நாம் எழுதத் தவறிய பெயரைப் பின்வருவோர் நூறு ஆண்டுகள் தேடினாலும் காணமாட்டார்கள். காணாதபோது கதை கட்டிக்கொள்வார்கள். நார்த் நிப்லிக் குன்றின் கோபுரம் எழுந்ததும் அவ்வாறே.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று ஆண்டவர் திருவுளம்பற்றினார் (யோவான் 10:3). அவருக்குக் கீழ்ப்பட்ட மேய்ப்பர்களாகிய நாம், நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பெயர்களைப் பிழையின்றி எழுதிவைப்பதும் அவ்வழைப்பைச் சார்ந்த ஊழியமே.